பத்தாவது சந்தேகம் உட்காரவில்லை

இந்த ஜூன் மாதத்திலிருந்து கொக்கரசன்குளம் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. சந்தேகங்களைத்தான் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் அந்தச் சந்தேகங்களுக்குப் பெற்றோர். காலை ஒன்பது மணிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "சேட்டை பண்ணாம இருக்கணும், என்ன?" என்று வாசலில் விட்டுவிட்டு விளையாடப் போவார்கள். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

செண்பகவடிவு டீச்சருக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒற்றை அறைப் பள்ளியில் அவர் ஒருவர்தான். தலைமை ஆசிரியை அவரே, உதவி ஆசிரியையும் அவரே. தாமதமாக வந்தால் தன்னையே கூப்பிட்டு விளக்கம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் பார்க்காத திட்டமா? பிள்ளைகள் பாயில் உட்கார வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தார்கள். வட்டமாக உட்கார வேண்டும் என்றார்கள், அதுவும் ஆயிற்று. ஒரு வருடம் எல்லாப் பாடத்தையும் பொம்மலாட்டமாக நடத்தச் சொன்னதில், கூட்டல் கணக்குக்குக்கூட ஒரு ராஜாவும் ராணியும் தேவைப்பட்டார்கள். இப்போது சந்தேகம். "நல்லதாப் போச்சு, இதுகளாவது பென்சிலைக் கடிக்காது" என்று சத்துணவு சமைக்கும் மாடத்தியிடம் சொன்னார்.

"முட்டை தின்னுமா டீச்சரம்மா?" என்று கேட்டாள் மாடத்தி. அவள் கவலை அவளுக்கு. தின்னும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது.

திட்டத்துக்காக மூன்று நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் சின்ன வயசுக்காரர், கழுத்தில் அட்டை தொங்கியது. விடை இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது, போனைத் தட்டினால் வந்து விழுகிறது, அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கட்டடமும் கரும்பலகையும் எதற்கு என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வளர்க்க வேண்டியது சந்தேகத்தை. சோறு போடலாம், பாட்டுச் சொல்லித் தரலாம், தலை வாரி விடலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். விடை மட்டும் சொல்லிவிடக் கூடாது. விடை கிடைத்த சந்தேகம் அன்றைக்கே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடும். டீச்சர்கள் எல்லாரும் சார்ட் பேப்பரில் ஆளுக்கொரு சந்தேகம் வரைந்து கலர் அடித்தார்கள். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கிடைத்தன.

ஜூன் மாதம் பன்னிரண்டு சந்தேகங்கள் சேர்ந்தன. சேர்க்கை வயது ஐந்து முதல் பதினான்கு. சந்தேகத்தின் வயதைத்தான் பார்ப்பார்கள். அது யாருடையது, அவருக்கு என்ன வயது என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ரெக்ஸி என்கிற பத்து வயதுப் பெண் கொண்டுவந்த சந்தேகம், மீனுக்குத் தாகம் எடுக்குமா என்பது. அதற்கு ஆறு வயது, ஆள் கொஞ்சம் சவலை. பீர்முகமதுவின் சந்தேகம், இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்பது. நல்ல வாட்டசாட்டம், முட்டை வைத்தால் இரண்டாவது முட்டைக்குத் தட்டை நீட்டும். ஆவுடைச்செல்வியின் சந்தேகம், ஞாயிற்றுக்கிழமை வருவது கோழிக்கு முன்கூட்டியே தெரியுமா என்பது. அது வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்ளும். ஐந்து வயதுப் பிள்ளைகள் பிறந்த அன்றைக்கே தங்களுக்கு வந்த சந்தேகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெயர்கூடச் சொல்லாது. மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளதைச் சொன்னால், டீச்சருக்கு அவற்றிடம் கொஞ்சம் பயம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் பவுடர் அப்பி, கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் என்பதால் டீச்சர் அவர்களிடம் வாங்க, போங்க என்றுதான் பேசினார்.

"எங்க சந்தேகம் வீட்ல சொல்பேச்சுக் கேக்கவே மாட்டேங்கு டீச்சர்" என்றான் பீர்முகமது. அவனுக்கு ஒன்பது வயது. "போன் வேணும் போன் வேணும்னு ஒரே அழுகை."

"குடுத்துராதீங்க. போன்ல விடை இருக்கும்."

"நானும் அதான் சொல்லுதேன். நம்ம சொன்னா எங்க கேக்கு? நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா கேக்கும்." பீர்முகமது பெருமூச்சு விட்டான். ரெக்ஸி தன் சந்தேகத்துக்குப் பக்கத்துச் சந்தேகம் கிள்ளி வைத்துவிட்டதாகப் புகார் சொன்னாள். கோழிச் சந்தேகத்தைப் படிப்பில் முதலாவது என்று டீச்சர் பாராட்டியபோது ஆவுடைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தேகங்களுக்கு அவர்கள் தாத்தா பாட்டி முறை ஆகிவிட்டார்கள். எப்போதாவது வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. நம் ஊரில் பத்து வருடம் சாக்பீஸ் பிடித்த யாரிடமும் அது இருக்கும். ஒரு சொல்லை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். பாதி சொல்லிவிட்டு நிறுத்தி, புருவத்தைத் தூக்குவார்கள். மீதியை வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தும். "நம் மாநில விலங்கு வரை..." என்றால் "...யாடு!" என்று கூரை அதிரும். டீச்சர் வீட்டில்கூட அப்படித்தான். காய்கறிக்காரர் வந்தால் "அரைக் கிலோ கத்தரி..." என்று நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார். அவரும் "...க்காய்" என்று சொல்லிவிட்டுத்தான் எடை போடுவார்.

ஜூலை மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து மைதானம் சகதியாகிவிட்டது. விளையாட இடமில்லாமல் பெற்றோர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வரிசையாக நின்றார்கள். உள்ளே டீச்சர் பீர்முகமதுவின் சந்தேகத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து அதற்கு இலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். பூவரச இலை, முருங்கை இலை, வேப்பிலை. விடை சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கையில் இலையும் எதிரே பெஞ்சும் இருந்தால் வாய் சும்மா இருக்குமா?

"இந்த இலைக்குள்ள இருக்கது பச்..." என்று நிறுத்தினார் டீச்சர். புருவம் தானாக மேலே போயிற்று.

"...சையம்!" என்று ஜன்னலிலிருந்து பன்னிரண்டு குரல்கள் கத்தின.

இலைச் சந்தேகம் எழுந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தது. டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு டி.சி.க்குக் கையை நீட்டியது. டீச்சர் பதறிப்போனார். அந்தப் பதற்றத்தில், மின்னலுக்குப் பிறகு ஏன் இடி கேட்கிறது என்கிற சந்தேகத்தின் பக்கம் திரும்பி, "நீயாவது இரு. இடிக்கு முன்னாடி மின்னல் தெரியுதுன்னா, சத்தத்தைவிட வேகமாப் போறது வெளி..." என்றார். "...ச்சம்!" என்றது ஜன்னல். கொதிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்கிற சந்தேகம் இதற்குள் தானே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தது. "உனக்கு நான் ஒன்னுமே சொல்லலியே, நீரா..." என்று டீச்சர் தடுக்கப் பார்த்தார். "...வி!" என்று முடிந்தது.

மூன்று டி.சி. எழுதினார். வெளியேறும் காரணம்: விடை கிடைத்துவிட்டது. நடத்தை: நன்று. மூன்றும் வரிசையாக வெளியே போய், சகதியைத் தாண்டி, ரோட்டில் திரும்பி மறைந்தன. பீர்முகமது வெறுங்கையோடு நின்றான். "பரவால்ல டீச்சர். இன்னைக்கில்லன்னா நாளைக்குப் போக வேண்டியதுதான்" என்று டீச்சருக்கே ஆறுதல் சொன்னான்.

மிச்சம் ஒன்பது. சங்கதி என்னவென்றால், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எண்ணிக்கை எடுக்க அதிகாரி வருவார். அன்றைக்குப் பத்து இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும். ஒன்பது இருந்தால் மூடிவிடுவார்கள். பெஞ்சும் பீரோவும் ஒரு பக்கம் போகும், சந்தேகங்கள் ஒரு பக்கம் போகும், டீச்சர் உபரி ஆசிரியர் ஆகி, மூன்று பஸ் மாறிப் போகிற ஒரு மலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மூன்று பஸ்ஸைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த அறைக்குப் பூட்டுப் போடுவதை எப்படித் தாங்குவது? சுண்ணாம்பு அடித்தது அவர், ஜன்னலுக்குக் கம்பி கேட்டு ஏழு மனு கொடுத்தது அவர், சுவரில் மாவட்டப் படம் வரைந்தது அவர். அன்று சாயங்காலம் மாடத்தி சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தபோது, டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுது என்ன ஆவப் போவுது? தெருவுல எறங்குங்க டீச்சரம்மா" என்றாள் மாடத்தி. "ஊரு பூரா சந்தேகமாத்தான கெடக்கு."

டீச்சர் தெருவில் இறங்கினார். வருடா வருடம் பிள்ளை பிடிக்க வீடு வீடாகப் போனவர்தான், அவருக்கு இது புதிதில்லை. டீக்கடை கோயில்பிள்ளை உடனே சம்மதித்தார். அவரிடம் ஒரு சந்தேகம் இருந்தது. நல்ல நிறம், பேச்சும் தெளிவு. ஆனால் வயது கேட்டபோது முப்பத்தொன்று என்றது. மீசை இருந்தது. தபால்காரர் வீட்டில் அவருடைய மனைவி, புருஷன் மேல் தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொல்லி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். கொழுகொழுவென்று இருந்தது. மூன்று வயதுதான். அதை அங்கன்வாடியில்தான் சேர்க்க முடியும் என்று டீச்சர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தார். மெயின் ரோட்டு மெட்ரிக் பள்ளிப் பக்கம் போய்ப் பயனில்லை. அங்கே விடைகளை மட்டும்தான் சேர்க்கிறார்கள். ஆயிரத்து இருநூறு விடைகள், எல்லாம் டை கட்டி, ஷூ போட்டு, வேனில் வந்து இறங்குகின்றன. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதுகூட இல்லை.

கடைசியில் துண்டுச்சீட்டு அடித்து ஒட்டிப் பார்ப்போம் என்று பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். 'ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள சந்தேகங்களுக்குச் சேர்க்கை நடைபெறுகிறது' என்று கையால் எழுதிய தாளை நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் அதை வாங்கிப் படித்தாள். பத்தொன்பது வயது இருக்கும். மிஷின் மூடியைத் திறந்தவள் தாளை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னைத் தெரியலியா டீச்சர்? முப்பிடாதி. உங்ககிட்ட நாலாப்பு படிச்சேன். ஜன்னல் ஓரம்."

"ஏட்டி, முப்பிடாதியா? இவ்வளவு பெருசா வளந்துட்டியே!"

"என்கிட்ட ஒன்னு இருக்கு டீச்சர். பத்து வயசு."

டீச்சர் கல்லாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார். எங்கே என்று கேட்டார். முப்பிடாதி கடைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவில், சுவரில் சாயாமல், அது நின்றுகொண்டிருந்தது. ஒல்லியாக, உயரமாக, பார்வை நேராக டீச்சர் மேலேயே இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி டீச்சருக்குத் தோன்றியது.

"நீங்க செவுத்துல மாவட்டப் படம் வரைஞ்ச அன்னைக்கு வந்தது" என்றாள் முப்பிடாதி. "நம்ம ஊரு அதுல இல்லியே டீச்சர், பெறவு மழை எப்படி வழி கண்டுபிடிச்சு இங்க வருதுன்னு எந்திரிச்சு நின்னு கேட்டேன். அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காருன்னீங்க. நான் உட்கார்ந்தேன். இதுவும் உட்கார்ந்துச்சு. எட்டு வருசம் இது எந்திரிக்கல டீச்சர். காலு மரத்துப்போச்சு. தைலம் தேச்சு, கையைப் பிடிச்சு நடக்க வச்சு, இப்ப ரெண்டு வருசமாத்தான் நிக்கி."

டீச்சருக்கு அது நினைவில் இல்லை. அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. நினைவில் இல்லாத அளவுக்கு எத்தனை பேரை, எத்தனை தடவை உட்காரச் சொல்லியிருப்பார்? தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"உங்க பள்ளிக்கூடம் எப்படி டீச்சர்?" என்று கேட்டாள் முப்பிடாதி. இப்போது அவள் பெற்றோர், விசாரிக்கத்தானே வேண்டும். "காத்து வருமா? குடிதண்ணி இருக்கா? மத்த சந்தேகங்க எப்படி?"

"நல்ல காத்து வரும். வாரத்துக்கு அஞ்சு நாளும் முட்டை உண்டும்மா."

"சேக்குதேன். ஆனா ஒன்னு டீச்சர். இதை நீங்க உட்காரச் சொல்லக் கூடாது. மத்தவங்க சொன்னா இது கேக்காது. நீங்க சொன்னா கேட்டுரும். இன்னொரு தடவை உட்கார்ந்துச்சுன்னா பெறவு எந்திரிக்கவே எந்திரிக்காது."

"சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார், "சொல்லவே மாட்டேன்ட்டி." சேர்க்கைப் படிவத்தை அங்கேயே மிஷின் மேல் வைத்து நிரப்பினார்கள். தாய்மொழி தமிழ். ரத்த வகை தெரியவில்லை. அடையாளம்: முழங்காலில் தைலக் கறை.

மறுநாளிலிருந்து அது பள்ளிக்கு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் இருந்த மாவட்டப் படத்துக்கு எதிரே நின்றுகொண்டது. சாப்பாடும் நின்றபடியேதான். மாடத்தி தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கோழிச் சந்தேகம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டுப் பார்த்தது. அது தலையை ஆட்டி மறுத்துவிட்டது. டீச்சர் பாதிச் சொல்லைத் தவிர்க்க வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு அடக்கிக்கொண்டு வகுப்பு எடுத்தார். பத்தும் பத்திரமாக இருந்தன.

ஆகஸ்ட் ஒன்று, வெள்ளிக்கிழமை. அதிகாரி மங்களநாயகம் காலை பத்தரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார், மாடத்தி கொடுத்த மோரைக் குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார், பிறகு எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் போய்த் தலையைத் தொட்டு எண்ணினார். சந்தேகங்களைத் தொட்டுத்தான் எண்ண வேண்டும். பார்த்து எண்ணினால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு கணக்கு வரும். ஜன்னலில் பெற்றோர்கள் மூச்சுப் பிடித்து நின்றார்கள். கடையைச் சாத்திவிட்டு முப்பிடாதியும் வந்திருந்தாள்.

"ஒன்பது" என்றார் அதிகாரி.

"பத்து சார். அங்க ஒன்னு நிக்கி."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஏழாவது பத்தியை விரலால் தடவிக் காட்டினார். "'அமர்ந்திருப்பவை மட்டுமே எண்ணிக்கையில் கொள்ளப்படும்.' நிக்கிறது உள்ள வருதா, வெளிய போகுதான்னு நமக்கு எப்படித் தெரியும் டீச்சர்? உட்காரச் சொல்லுங்க."

"அது உட்காராது சார்."

"நீங்க சொன்னா உட்காரும். பாத்தாலே தெரியுது, உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்துன்னு போட்டு சீல் வச்சுட்டு நான் கிளம்பிருவேன். எனக்கு இன்னும் நாலு பள்ளிக்கூடம் பாக்கி இருக்கு."

டீச்சர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொன்ன சொல், நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால் பள்ளிக்கூடம் இருக்கும். சுவர், ஜன்னல், பெஞ்சு எல்லாம் இருக்கும். இந்த ஒன்று மட்டும் காலை மடக்கி உட்கார்ந்து, அப்படியே இருந்துவிடும். ஜன்னலில் முப்பிடாதி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றார் டீச்சர். "வேணும்னா ஒன்பதுன்னு போட்டுக்கோங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். மாடத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். டீச்சர் மெல்ல நடந்து படத்துப் பக்கம் போனார். எப்படியும் பூட்டுப் போடப் போகிறார்கள், போவதற்குள் அதனிடம் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்று தோன்றியது. குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். பத்து வருடமாக அது தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என்று அப்போதுதான் பட்டது. ஏலக்காயைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"நீ கேட்டது நல்ல கேள்வி. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பரீட்சைக்கு வராதுன்னு சொன்னது பொய். மழை எப்படி வழி கண்டுபிடிக்குன்னு எனக்குத் தெரி..."

நின்றுவிட்டார். பழக்கதோஷம். புருவமும் மேலே போய்விட்டது. ஜன்னலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல்லின் மீதி அவர்களுக்குத் தெரியாது. டீச்சர் வாயிலிருந்து ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. கோழிச் சந்தேகம் தலையைத் தூக்கிப் பார்த்தது. கடைசியில் டீச்சர் தானே முடித்தார்.

"...யாது" என்றார்.

நின்றுகொண்டிருந்தது ஒரு பெருமூச்சு விட்டது. முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கோழிச் சந்தேகத்துக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமல், தானாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து பார்த்தது. எழ முடிந்தது. மறுபடி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டியது. ஜன்னலில் முப்பிடாதி சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் கலந்து வந்தது. பீர்முகமது அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அதிகாரி போய் அதன் தலையைத் தொட்டார். "பத்து" என்றார். பத்து என்று எழுதி, மை ஒற்றி, சீல் வைத்தார். மாடத்தி அடுப்படிக்கு ஓடி இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துக்கொண்டே அதிகாரி, டீச்சருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று நிற்பதைப் பார்த்தார்.

"இது யாரு டீச்சர்?"

டீச்சரும் திரும்பிப் பார்த்தார். "தெரியாது சார். இப்பத்தான் வெளிய வந்தது."

"அதான் கேக்கேன், இந்தத் தெரியாது எத்தனை வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கு?"

டீச்சர் யோசித்தார். "என்கூடத்தான் வந்தது சார். வேலை உத்தரவு கைக்கு வந்த அன்னைக்கே என்கிட்ட இருந்தது. நான் ஒரு வாரம் கழிச்சுத்தான் இங்க வந்து சேந்தேன்."

"பதிவேட்டுல பேரே இல்லியே. பாவம், இத்தனை வருசம் பேர் இல்லாமலே வேலை பாத்திருக்கு" என்று அதிகாரி வருத்தப்பட்டார். ஆசிரியர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்ததை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை தெரியாது முறைப்படி வேலைக்கு வந்தது. வெள்ளை வேட்டி சட்டை, கையில் டிபன் கேரியர். பணிமூப்புப் பட்டியலில் டீச்சரைவிட அது ஒரு வாரம் மூத்தது என்பதால் தலைமை ஆசிரியர் நாற்காலி அதற்குப் போயிற்று. டீச்சர் பீரோச் சாவியை ஒப்படைத்தார். ஒன்பது மணி ஆகிவிட்டதா என்று அதற்குத் தெரியவில்லை, அதனால் டீச்சரே போய் மணி அடித்தார். திரும்பி வந்து, வருகைப் பதிவேட்டில் தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.